மரம், தண்ணீர், ஜவ்வு: ஒரு குடும்பத்தின் கால் விறைப்புக்கு மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்ட காரணங்கள்

பின்னணி

நோயாளி 37 வயது ஆண். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுகிறார். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம். அப்பா கொத்தனார் வேலைக்காக ஸ்ரீராமபுரத்தில் குடியேறியபோது இவருக்கு மூன்று வயது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் பெங்களூருவில்தான். வீட்டில் மனைவி, ஏழு வயது மகன், 28 வயதான தங்கை. அப்பா 45 வயதுவாக்கில் சாரம் ஏற முடியாமல் போய் ஊருக்கே திரும்பிவிட்டார். அம்மா மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே.

குடும்பத்தின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் நரம்பியல் பிரிவுக்கு அவர் வந்ததே இரண்டாவது கருத்து கேட்கத்தான். வேறொரு மருத்துவமனையில் கழுத்து அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தார்கள். "ஜவ்வு விலகி நரம்பை அழுத்துதாம் டாக்டர். இப்பவே பண்ணலைன்னா படுத்த படுக்கைதான்னு சொல்றாங்க. ஆனா எனக்குக் கழுத்து வலியே இல்லையே, அதான் ஒரு தடவை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

தொந்தரவு எப்போது ஆரம்பித்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஓடிப்போய் பஸ் பிடிக்க முடியாமல் போனது 27 வயதில் என்று நினைவிருக்கிறது. அப்புறம் மாடிப்படி. அப்புறம் ஷிஃப்ட் முடியும்போது இரண்டு காலும் கட்டையாகிவிடுவது, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது. கடைசி இரண்டு வருடமாகச் சிறுநீர் வந்தால் அடக்க முடிவதில்லை. பட்டறையில் கழிப்பறை தூரத்தில் இருப்பதால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார். இது எதுவும் ஒரே நாளில் வரவில்லை, எதுவும் திரும்பிப் போகவும் இல்லை.

பார்த்தது

முதலில் பார்த்தது அவருடைய ஷூவை. இரண்டு ஷூவிலும் முன்பக்க நுனி மட்டும் தேய்ந்திருந்தது, வலதில் அதிகமாக. பாதத்தைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடப்பவர்களின் தேய்மானம் அது. வீட்டில் ஹவாய் செருப்பு போடும்போது கழன்று விழுமா என்று கேட்டேன். விழும் என்றார். விழுவது தெரியுமா? "சில நேரம் நாலு அடி தள்ளிப் போனப்புறம்தான் தெரியும்." நம் ஊரில் இந்தக் கேள்வி ஒரு பரிசோதனைக் கருவிக்குச் சமம். கழல்வது தெரிந்தும் பிடிக்க முடியாவிட்டால் பலவீனம். கழன்றதே தெரியாவிட்டால் உணர்ச்சிக் குறைவு. இவருக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன.

கால்கள் விறைப்பாக இருந்தன. முட்டியைத் தட்டினால் கால் வேகமாக உதறியது. உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே போனது; தண்டுவடத்திலோ அதற்கு மேலோ பாதிப்பு என்பதற்கான பழைய, நம்பகமான அடையாளம். ஆனால் கணுக்கால் அனிச்சை அந்த அளவுக்கு வேகமாக இல்லை. கட்டைவிரலில் வைத்த அதிர்வுக் கவையை அவரால் சரியாக உணர முடியவில்லை, முட்டியில் வைத்தபோது உணர்ந்தார். பாதத்தின் வளைவு வழக்கத்தைவிட உயரம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றார் மனைவி.

கைகளில் ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தான் போடுவதிலும், மைக்ரோமீட்டர் பிடித்து நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளப்பதிலும் சிரமம் இல்லை. கழுத்து ஜவ்வு தண்டுவடத்தை நடக்க முடியாத அளவுக்கு அழுத்தினால், பெரும்பாலும் கைவிரல்களிலும் மதமதப்பும் தடுமாற்றமும் தெரியும். இவர் விரலை நம்பிப் பிழைப்பவர். அங்கே குறை இருந்தால் எங்களைவிட அவருக்கு முன்னால் தெரிந்திருக்கும்.

கொண்டுவந்த எம்.ஆர்.ஐ. படத்தில் கழுத்தின் 5-ஆவது, 6-ஆவது முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருந்தது உண்மை. தண்டுவடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் தண்டுவடத்துக்குள் நிறமாற்றம் இல்லை, சுற்றிலும் திரவம் இருந்தது. 37 வயதில், குனிந்து வேலை செய்பவருக்கு, இந்தப் படம் அபூர்வமில்லை. தொந்தரவே இல்லாத எத்தனையோ பேருக்கு எடுத்தாலும் இப்படி வரும்.

நரம்புக் கடத்தல் சோதனை முன்பு செய்யப்படவில்லை, செய்தோம். பாதத்தின் உணர்ச்சி நரம்பில் மின்னலையின் உயரம் குறைந்திருந்தது, வேகம் ஏறக்குறைய சரியாக இருந்தது. நரம்பின் மேலுறை நன்றாக இருக்கிறது, உள்ளே ஓடும் ஆக்ஸான் இழைகள்தான் குறைகின்றன என்று அர்த்தம். கழுத்து ஜவ்வு கால் விரல் நரம்பின் ஆக்ஸானைக் குறைக்க வழியில்லை.

முதல் முடிவு: அறுவையைத் தள்ளிவைத்தது

ஜவ்வு அழுத்தம் உண்மையாக இருந்து அறுவையைத் தாமதித்தால் இழந்தது திரும்பாமல் போகலாம். எத்தனையோ பேரை அந்த அறுவைதான் நடக்க வைத்திருக்கிறது. அதனால் "வேண்டாம்" என்று சொல்லவில்லை, "இப்போது வேண்டாம்" என்று சொன்னோம். கைகளில் மதமதப்போ தடுமாற்றமோ வந்தால் அன்றே வர வேண்டும். வராவிட்டாலும் மூன்று மாதத்தில் மறுபரிசோதனை, ஒரு வருடத்தில் மறுபடியும் எம்.ஆர்.ஐ. என்று எழுதிக் கொடுத்தோம். அறுவைக்கு முடிவு செய்த மருத்துவரிடமும் பேசினேன். கடத்தல் சோதனை முடிவைக் கேட்டதும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

அடுத்து, தண்டுவடத்தையும் வெளி நரம்பையும் ஒருசேரக் கெடுப்பவை எவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெரிய போட்டி பி12 வைட்டமின் குறைவு. அவர் ரத்தத்தில் அது உண்மையிலேயே குறைவாக இருந்தது. ஊசி போட்டோம், போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அதையே முழுக் காரணம் என்று முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. பத்து வருடமாக மெல்ல மெல்ல வந்தது, படத்தில் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் மாற்றம் இல்லை, சின்ன வயதிலிருந்தே பாத வளைவு. ஆறு மாதம் கழித்து பி12 அளவு மேலே ஏறியிருந்தது; நடை அப்படியே இருந்தது. செம்பு அளவு, ஹெச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனைகள் எல்லாம் சரி. கேசரிப் பருப்பு சாப்பிட்டால் கால் விறைத்துப்போகும் லாத்திரிசம் என்ற நோய் உண்டு, அதையும் கேட்டோம். வீட்டில் ராகிக் களியும் துவரம்பருப்பும்தான். மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலச் சோதனையும் அனுப்பினோம், அட்ரினோமைலோநியூரோபதி என்ற நோய் ஏறக்குறைய இதே முகத்தோடு வருவதால். அதுவும் இயல்பு.

மூன்று தலைமுறை

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று முதல் நாளே கேட்டபோது இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. அப்பாவின் கால் வேறு கதை என்று அவர் நினைத்திருந்தார்.

அப்பாவை வரச் சொன்னோம். 67 வயது, சக்கர நாற்காலி. "எனக்கு இது தண்ணியாலங்க. எங்க ஊர்த் தண்ணி அப்படி. எங்கப்பா பனைமரத்துல இருந்து விழுந்தாரு, அதுல கால் போச்சு. இவனுக்கு நாள் முழுக்க மெஷின் முன்னாடி நின்னு நின்னு வந்திருக்கும்" என்றார். மூன்று பேருக்கும் மூன்று காரணம் தயாராக இருந்தது.

தண்ணீர்க் கதையை ஒதுக்கித் தள்ள முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் சேர்ந்திருக்கிறது. அது 2013-இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. பல வருடம் அந்த நீரைக் குடித்தால் முதுகெலும்பும் தசைநார்களும் சுண்ணாம்பு படிந்து தடித்து, தண்டுவடத்தை நெருக்கி, கால் விறைத்துப்போகலாம். அப்பாவின் பல்லிலும் பழுப்புக் கறை இருந்தது. ஆனால் அவருடைய முதுகெலும்பு எக்ஸ்ரேயில் எலும்பு தடிக்கவில்லை. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது ஃபுளோரோசிஸுக்கு நல்ல சோதனை, அங்கேயும் சுத்தம். கறை பல்லோடு நின்றுவிட்டது. தவிர, மூன்று வயதிலிருந்து பெங்களூருவில் வளர்ந்த, பல்லில் கறையே இல்லாத மகனுக்கும் அதே நடை. அப்பாவுக்கும் பாத வளைவு உயரம், கைகள் நன்றாக இருந்தன, பாத நரம்பின் மின்னலை பதிவாகவே இல்லை.

பனைமரக் கதையை அப்பாவின் பெரியப்பா மகன் ஒருவர் போனில் அவிழ்த்தார். தாத்தா மரத்திலிருந்து விழுந்தது நிஜம். ஆனால் அதற்கு மூன்று, நான்கு வருடம் முன்பே கோல் ஊன்றி நடந்தவராம். எல்லாரும் ஏறாதே என்று சொல்லியும் ஏறியவராம். விழுந்ததால் கால் போகவில்லை, கால் போனதால்தான் விழுந்தார்.

தாத்தா, அப்பா, மகன். ஆண் வழியாக ஆணுக்கு இறங்கியிருப்பதால் எக்ஸ் குரோமோசோம் சார்ந்த நோய்கள் பட்டியலிலிருந்து விழுந்தன. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். மிஞ்சியது பரம்பரைக் கால் விறைப்பு நோய், மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும் என்ற வகை. 1880-இல் ஷ்ட்ரூம்பெல் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது. இன்று 80-க்கும் மேற்பட்ட மரபணு வகைகள் தெரியும். 1983-இல் அனிதா ஹார்டிங் பிரித்தபடி கால் விறைப்பு மட்டும் இருந்தால் தூய வகை. வேறு நரம்புத் தொந்தரவும் சேர்ந்தால் சிக்கலான வகை. இவர் இரண்டாவதில் வருவார்.

அம்மாவுக்கு மட்டும் வேறொரு காரணம் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். "சொந்தத்துல கட்டினதாலதானே டாக்டர் புள்ளைக்கு இப்படி?" என்று வெளியே வந்து தனியாகக் கேட்டார். அந்தச் சந்தேகம் எங்களுக்கும் இருந்தது. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்று கேள்விப்பட்டதுமே இரண்டு பிரதியும் பழுதான ஒடுங்கு வகை நோய்களைத்தான் மருத்துவர்கள் நினைப்போம். குடும்ப மரம் வரைந்து தாத்தாவைச் சேர்க்கும்வரை அந்தப் பக்கமே சாய்ந்திருந்தோம்.

மரபணு அறிக்கை

மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் சோதனைக்கு சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். அவர் சீட்டு எடுத்துக் கட்டினார். கட்டும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொன்னோம்: நோயை நிறுத்தும் மருந்து எதையும் இந்த முடிவு கொண்டுவராது. பெயர் கிடைக்கலாம், அறுவைக் கேள்வி முடியலாம், குடும்பத்துக்குத் தகவல் கிடைக்கலாம். அவ்வளவுதான். "அறுவை வேண்டாம்னு ஆனா அந்தக் காசே மிச்சம்தானே" என்றார்.

கிஃப்5ஏ என்ற மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அறிக்கை அதை "பொருள் உறுதியாகாத மாறுபாடு" என்றே வகைப்படுத்தியது. இந்த இடத்தில் நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைய. நாங்கள் அப்பாவின் ரத்தத்தையும், 64 வயதிலும் வயலில் நன்றாக நடக்கும் சித்தப்பாவின் ரத்தத்தையும் வாங்கி அந்த ஒரு எழுத்தை மட்டும் பார்த்தோம். முழுச் சோதனையைவிட இது மிக மலிவு. அப்பாவிடம் இருந்தது, சித்தப்பாவிடம் இல்லை. அம்மாவிடமும் இல்லை. மூன்று பேரை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மாற்றம் இருந்தது புரதத்தின் மோட்டார் பகுதியில், கிஃப்5ஏ கெடுவதால் வரும் எஸ்.பி.ஜி.10 என்ற கால் விறைப்பு வகையில் பிழைகள் பெரும்பாலும் கூடும் இடம் அது. மக்கள்தொகை மரபணுத் தொகுப்புகளில் இந்த மாற்றம் இல்லை. அதே இடத்தில் வேறொரு மாற்றம் ஏற்கெனவே இதே நோயில் பதிவாகியிருக்கிறது. எல்லாம் சேர்ந்து "நோய்க்காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்று ஆய்வகம் திருத்தியது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன்: உங்கள் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை, நீங்கள் யாரைக் கட்டியிருந்தாலும் இது நடந்திருக்கும். சொந்தத்தில் கட்டுவதால் ஒடுங்கு வகை நோய்கள் கூடுவது உண்மைதான், இந்த வீட்டில் அது காரணமில்லை.

ஆக்ஸானுக்குள் என்ன நடக்கிறது

நரம்பு செல்லின் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதிலிருந்து கிளம்பி இடுப்பிலிருந்து கால்விரல் வரை போகும் ஆக்ஸானின் நீளம் சுமார் ஒரு மீட்டர். புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில்தான் தயாராகிறது. கடைக்கோடியில் இருக்கும் இழைக்கு வேண்டியதை அங்கிருந்துதான் அனுப்ப வேண்டும். பழுதானதைத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். 1948-இல் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும் நரம்பை இறுக்கிப் பார்த்தபோது இறுக்கத்துக்கு மேல்பக்கம் வீங்கியது. அவிழ்த்ததும் தேங்கியது நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் என்று நகர்ந்தது. ஆக்ஸானுக்குள் ஓயாத போக்குவரத்து இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான். அதை நகர்த்தும் மோட்டார் புரதத்தை 1985-இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாய் மீனின் பெரிய ஆக்ஸானில் வேலை செய்து பிரித்தெடுத்தார்கள். அதற்கு கைனசின் என்று பெயர்.

கைனசின் ஆக்ஸானுக்குள் நீளவாக்கில் கிடக்கும் நுண்குழல்கள்மேல் நடக்கிறது, நிஜமாகவே அடி எடுத்து வைத்து. ஓர் அடி 8 நானோமீட்டர், அடிக்கு ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு (செல்லின் எரிபொருள்) செலவு. ஒரு மீட்டருக்கு 12 கோடிக்கும் மேல் அடிகள். ஒரே மோட்டார் அத்தனையும் நடப்பதில்லை. சிறிது தூரத்தில் கழன்றுவிடும், இன்னொன்று பிடித்துக்கொள்ளும். செல் உடலை நோக்கித் திரும்பும் சரக்கை டைனீன் என்ற வேறொரு மோட்டார் இழுக்கிறது. சிறு பைகள் நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும். ஆக்ஸானுக்கு உள்கட்டுமானமான நியூரோஃபிலமென்ட் புரதங்கள் மெதுவான வண்டி, நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான். இடுப்பில் இன்று கிளம்பியது கால்விரலைத் தொட ஏறக்குறைய மூன்று வருடம்.

கிஃப்5ஏ அந்தக் கைனசின் குடும்பத்தில் நரம்பு செல்லுக்கே உரியது. அதை நீக்கிய எலிகளில் நியூரோஃபிலமென்ட் புரதங்கள் செல் உடலிலேயே குவிந்துகிடந்தன. இவரிடம் அது முழுதாக இல்லாமல் போகவில்லை. இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருக்கிறது. ஆனால் மோட்டார் புரதம் இரண்டு இரண்டாகச் சேர்ந்து வேலை செய்வது. பழுதான பாதி நல்ல பாதியோடு சேர்ந்தால் அந்த ஜோடியே தடுமாறும். குட்டையான ஆக்ஸானுக்கு அந்தத் தடுமாற்றம் பெரிதில்லை. நீளமானவற்றுக்கு, வருடக்கணக்கில், தாங்காது. மூளையிலிருந்து கீழ்த் தண்டுவடம் வரை இறங்கும் ஆக்ஸான்களின் கடைசிப் பகுதி தேய்ந்தால் விறைப்பு. கால்விரல் வரை போகும் ஆக்ஸான்களின் கடைசிப் பகுதி தேய்ந்தால் செருப்பு கழல்வது தெரியாது. கை ஆக்ஸான்கள் நீளம் குறைவு, அதனால் மைக்ரோமீட்டர் பிடிக்க முடிகிறது. முதல் நாள் பரிசோதனையில் பார்த்த அத்தனையும் இந்த ஒரே கணக்கில் வரும். படத்தில் தெரிந்த ஜவ்வு மட்டும் வராது.

இதை அப்பாவுக்கு விளக்கும்போது நான் பாதியில் இருந்தேன், அவர் முடித்துவிட்டார்: "அப்போ கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரலைங்கிறீங்க. மதகுல கோளாறு இல்ல, வாய்க்கால்ல கோளாறு." அவ்வளவுதான், அதற்குமேல் நான் விளக்கவில்லை.

அல்சைமர், பார்க்கின்சன், ஹன்டிங்டன் நோய்களிலும் இந்தப் போக்குவரத்து கெடுகிறது. ஆக்ஸான்களில் சரக்கு தேங்கி வீங்கிய இடங்களை அல்சைமர் மூளைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கிஃப்5ஏ போன்ற நோய்களில் அந்தக் குழப்பம் இல்லை: முதலில் கெட்டதே வண்டிதான். அபூர்வ நோய் என்றாலும் ஆராய்ச்சியாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அது ஒரு காரணம். இந்தியாவில் யாராவது இதைப் பார்க்கிறார்களா என்று நோயாளியின் மனைவி கேட்டார். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தியா கௌஷிகாவின் குழு, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடி போன்ற புழுக்களில் ஆக்ஸானுக்குள் சரக்கு நகர்வதை உயிரோடு பார்த்து ஆராய்கிறது என்று சொன்னேன். அது அடிப்படை அறிவியல், மருந்துச் சோதனை அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

ஏ.எல்.எஸ். என்ற பயம்

அறிக்கை வந்த வாரமே ராத்திரி உட்கார்ந்து போனில் தேடியிருக்கிறார். கிஃப்5ஏ என்று போட்டதும் ஏ.எல்.எஸ். என்று வந்திருக்கிறது. உடல் முழுக்கத் தசை கரைந்து, சில வருடங்களில் மூச்சுவிட முடியாமல் போகும் நோய். மறுநாள் காலையில் கணவன் மனைவி இருவரும் பதிவு இல்லாமலே வந்து நின்றார்கள்.

தேடிக் கண்டது தவறில்லை. 2002-இல் கால் விறைப்பு நோயோடு தொடர்புபட்ட இதே மரபணு, 2018-இல் ஏ.எல்.எஸ். நோயோடும் தொடர்புபட்டது. ஆனால் பிழை இருக்கும் இடம் வேறு. ஏ.எல்.எஸ். குடும்பங்களில் பிழை புரதத்தின் வால் பகுதியில். வேலை இல்லாதபோது மோட்டார் தன் வாலை மடக்கித் தன்னையே நிறுத்திக்கொள்ளும். வால் மாறிப்போனால் அந்த நிறுத்தம் போய்விடும். சரக்கு இருக்கிறதோ இல்லையோ ஓடிக்கொண்டே இருக்கும், போய்க் கோடியில் குவியும். இவருடைய பிழை தலைப் பகுதியில், அதாவது மோட்டார் பகுதியில், நடக்கும் திறன் குறையும் வகை. ஒன்றில் ஓட்டம் போதவில்லை, இன்னொன்றில் நிற்கத் தெரியவில்லை. இரண்டுமே நரம்புக்கு ஆகாது.

"அப்போ எனக்கு வராதுன்னு எழுதித் தருவீங்களா?" என்றார். எழுதித் தர முடியாது என்றேன். ஆனால் பத்து வருடமாகக் கைக்கு வரவில்லை, பேச்சும் விழுங்குவதும் சரி, தசை கரையவில்லை, அப்பா 67 வயதில் நாற்காலியில் இருந்தாலும் தானே சாப்பிட்டுத் தானே பேசுகிறார். அவருடைய வருங்காலத்துக்கு இணையத்தைவிட அப்பாதான் நல்ல சாட்சி. இதைக் கேட்டு முகம் தெளிந்தது மனைவிக்குத்தான். கணவருக்கு நாளானது.

தங்கை

தங்கைக்கு வாய்ப்பு சரிபாதி. மாமன் மகனோடு அவர் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தங்கைக்கும் ரத்தம் எடுத்துவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை.

தனியாக உட்காரவைத்துப் பேசினோம். இப்போது தெரிந்துகொள்வதால் சிகிச்சையில் எதுவும் மாறாது. குழந்தை பெறும்போது சில தேர்வுகள் இருக்கும். ஒருமுறை தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க முடியாது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சும்மா கால் மட்டும் பார்க்கட்டுமா என்று எங்கள் பயிற்சி மருத்துவர் கேட்டபோது, "வேண்டாம் டாக்டர், முட்டியைத் தட்டினா உங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் உங்க முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். அவர் சொன்னது சரி. இந்த நோயில் ஒரு ரப்பர் சுத்தியலே பாதி மரபணுச் சோதனை. ஒப்புதல் படிவம் ரத்தத்துக்கு மட்டும் இருந்தது, சுத்தியலுக்கு இல்லை.

கல்யாணப் பேச்சு நடந்த வீட்டாரிடம் விஷயத்தை அவரே போய்ச் சொன்னார். நாங்கள் சொல்லச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சில மாதத்தில் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. ஜாதகம் என்றார்கள்.

ஏழு வயது மகனுக்குச் சோதனை செய்யச் சொல்லி மனைவி கேட்டார். பையன் நன்றாக ஓடுகிறான், தொந்தரவு எதுவும் இல்லை. சிகிச்சை இல்லாத நோய்க்கு, அறிகுறி இல்லாத சிறுவனைச் சோதிப்பதில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நடைமுறை. வளர்ந்து அவனே கேட்க வேண்டியது அது. நடையில் மாற்றம் தெரிந்தால் அப்போது பேசலாம் என்று விட்டோம்.

சிகிச்சையும் போக்கும்

பேக்லோஃபென் 5 மில்லிகிராம் மூன்று வேளை என்று ஆரம்பித்து நாளைக்கு 30 வரை ஏற்றினோம். விறைப்பு நன்றாகவே குறைந்தது, ஆனால் வேலையில் இரண்டு தடவை முட்டி மடிந்து உட்கார்ந்துவிட்டார். பலவீனமான காலை அந்த விறைப்புதான் நிறுத்தி வைத்திருந்தது. 20-க்கு இறக்கியதும் சரியானது. விறைப்பை முழுக்க எடுப்பது இந்த நோயில் இலக்காகவே இருக்கக்கூடாது.

மருந்தைவிடப் பலன் தந்தது தினமும் கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியும், ஷூவுக்குள் போடும் பிளாஸ்டிக் கணுக்கால் தாங்கியும். பத்து மீட்டர் நடக்க 15 விநாடி எடுத்தவர் நான்கு மாதத்தில் 12-க்கு வந்தார். தடுக்கி விழுவது ஏறக்குறைய நின்றது. சிறுநீர் அவசரத்துக்கு மிராபெக்ரான் கொடுத்தோம். மறுபடியும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார், மலச்சிக்கலும் போனது.

ஒரு வருடத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு அப்படியே இருந்தது. மார்புப் பகுதித் தண்டுவடம் சற்று மெலிந்திருந்தது, இந்த நோயில் எதிர்பார்க்கக்கூடியதுதான். கைகள் நன்றாக இருந்தன. அறுவைப் பேச்சை அன்றோடு முடித்தோம்.

இரண்டாவது வருட முடிவில் நடை 13 விநாடி. வெளியே போகும்போது ஊன்றுகோல். பட்டறை முதலாளி அவரை நின்று ஓட்டும் இயந்திரத்திலிருந்து உட்கார்ந்து செய்யும் அளவுச் சோதனை மேசைக்கு மாற்றினார். சட்டப்படி தனியார் பட்டறையைக் கட்டாயப்படுத்துவது கடினம். அவருடைய கைத்திறனும் எங்கள் கடிதமும்தான் உதவின. அப்பாவுக்கு ஊரில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துக் கிடைத்தது. தண்ணீரால் வந்தது என்று நினைத்து இத்தனை வருடம் அதற்கு முயற்சியே செய்யவில்லை.

கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறோம். வின்கிரிஸ்டின், பேக்லிடாக்ஸெல் போன்ற புற்றுநோய் மருந்துகள் நுண்குழல்களையே தாக்குபவை. நரம்புப் பாதிப்பு இல்லாதவர்களுக்கே பாத நரம்பைக் கெடுக்கும். பரம்பரை நரம்பு நோய் உள்ள சிலருக்கு வின்கிரிஸ்டின் கடுமையாகத் தாக்கியிருப்பது பதிவாகியிருக்கிறது. எஸ்.பி.ஜி.10-க்கு இதை நேரடியாக நீட்டுவது ஊகம்தான், ஆனால் எழுதி வைக்கச் செலவில்லை.

இப்போது வேறுவிதமாகச் செய்வது

கால் விறைப்போடு வருபவரிடம் "குடும்பத்தில் யாருக்காவது உண்டா" என்று கேட்பதை விட்டுவிட்டோம். அதற்கு எப்போதும் இல்லை என்றுதான் பதில் வரும். பதிலாக, அப்பா அம்மா கடைசிக் காலத்தில் எப்படி நடந்தார்கள், தாத்தா கோல் ஊன்றினாரா, ஊன்றினால் எந்த வயதில், என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்கிறோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு முன்கை எக்ஸ்ரேயும் சேர்த்து.

படத்தில் ஜவ்வு இருந்தாலும், கை பாதிக்காமல் கால் மட்டும் பல வருடமாக மெல்லக் கெட்டிருந்தால், அறுவை மருத்துவரிடம் அனுப்பும் முன் நரம்புக் கடத்தல் சோதனை செய்துவிடுகிறோம். அரை மணி நேர வேலை அது. பிசியோதெரபியை மரபணு அறிக்கைக்காகக் காத்திருக்க வைப்பதில்லை. இவருக்கு அந்த இடைவெளியில் சில மாதங்கள் போயின.

நோயாளியோடு வரும் உறவினரைப் பரிசோதிக்கும் முன் தனி ஒப்புதல் கேட்கிறோம், ரத்தம் எடுக்காவிட்டாலும். படிவத்தில் ஒரு வரி சேர்த்தாயிற்று: "அனிச்சைச் சோதனையும் நடைச் சோதனையும் நோய் இருப்பதைக் காட்டக்கூடும்." தங்கை இன்னும் சோதனை செய்துகொள்ளவில்லை. அண்ணனின் மறுபரிசோதனை நாட்களில் கூட வருகிறார், வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவராகக் கேட்டால் மட்டும் பேசுவது என்று பிரிவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.